காண்டாமிருகக் காவலுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

1970ஐ ஒட்டி ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. இருபத்தைந்தே ஆண்டுகளில், 1990களின் நடுவில், அவை 2,500க்கும் கீழே வந்துவிட்டன. ஏமனில் குத்துவாளுக்குக் கைப்பிடி செய்யவும் கிழக்காசியாவில் காய்ச்சல் மருந்துக்காகவும் கொம்பு நல்ல விலைக்குப் போனது. இன்று அந்த எண்ணிக்கை மறுபடியும் ஆறாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. இந்த மீட்சிக்கான புகழை 1977இல் கொம்பு வணிகத்தைத் தடைசெய்த சைட்டிஸ் உடன்படிக்கைக்கும், பூங்காக்களை நடத்தும் அரசுகளுக்கும், பெரும் நிதி வைத்திருக்கும் உலக அமைப்புகளுக்கும் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். ஆனால் தடை வந்த பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வீழ்ச்சி நிற்கவில்லை. கடைசியில் எண்ணிக்கை ஏறியதும் எல்லா இடங்களிலும் அல்ல. சில பள்ளத்தாக்குகளில், சில பூங்காக்களில், வேலியிட்ட சில நிலங்களில் மட்டுமே. அந்த இடங்களில் எல்லாம் யாரோ சிலர் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு விலங்கின் தடத்தைத் தொடர்ந்து நடந்தார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு சிறு அறக்கட்டளைகளிடமிருந்து வந்தது. அவற்றின் மதிப்பை அவை தாமே செய்யும் வேலையில் தேடினால் கிடைக்காது. யாரோடு கைகோத்தார்கள், எத்தனை ஆண்டு விடாமல் நின்றார்கள், களத்தில் முடிவெடுக்கும் உரிமையை யாரிடம் விட்டார்கள் என்ற மூன்றையும் வைத்தே அவற்றை எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு லண்டனில் இருந்து இயங்கும் சேவ் தி ரைனோ இன்டர்நேஷனல். 1994இல் அறக்கட்டளையாகப் பதிவான இந்த அமைப்பைப் பிரிட்டனில் பெரும்பாலோர் அறிந்திருப்பது ஓர் உடையால். மேடைக்காக உருவான கனத்த காண்டாமிருக வேடத்தை அணிந்துகொண்டு தொண்டர்கள் லண்டன் மராத்தானில் ஆண்டுதோறும் ஓடுகிறார்கள். எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் அதன் தொடக்ககாலப் புரவலர்களில் ஒருவர். 1994இல் கிளிமஞ்சாரோ மலையை நோக்கிச் சென்ற நிதிதிரட்டும் பயணத்தில் அவரும் வழியில் அந்த வேடத்தை அணிந்து நடந்தார். அவர் மறைந்த பின் அவர் பெயரில் நடக்கும் நினைவுச் சொற்பொழிவின் வருவாயும் இந்தப் பணிக்கு வந்திருக்கிறது. வேடமும் ஓட்டமும் பணம் வரும் வாசல்கள். அந்தப் பணம் போகும் திசைதான் ஆராயத்தக்கது. இந்த அமைப்புக்குச் சொந்தமாக ஒரு பூங்காவும் இல்லை. அதன் பெயரில் காட்டைக் காக்கும் காவலரும் இல்லை. நமீபியாவின் சேவ் தி ரைனோ டிரஸ்ட், ஜிம்பாப்வேயின் லோவெல்ட் ரைனோ டிரஸ்ட், ஜாம்பியாவின் வடக்கு லுவாங்வா காப்புத் திட்டம், கென்யாவின் சில காப்பகங்கள், வியட்நாமில் கொம்பு விற்பனையைக் கண்காணிக்கும் எஜுகேஷன் ஃபார் நேச்சர் என்று களத்தில் ஏற்கெனவே வேரூன்றியவர்களுக்கு அது பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஓர் இடைநிலை அமைப்பு என்று இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த இடைநிலை எதற்குத் தேவை என்பது நமீபியாவின் கதையைப் பார்த்தால்தான் விளங்கும்.

நமீபியாவின் வடமேற்கில் உள்ள குனேனே பகுதி கல்லும் மணலுமான வறண்ட நிலம். யானையும் சிங்கமும் காண்டாமிருகமும் அங்கே பாலைக்குப் பழகி வாழ்கின்றன. 1970களின் இறுதியில் தொடங்கிய கடும் வறட்சியில் மக்களின் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பசியில் இருந்த கிராமத்தவர் கையில் துப்பாக்கி இருந்தது. தென்னாப்பிரிக்காவின் பிடியில் அன்று இருந்த அந்த நிலத்தில் அதிகாரிகளும் படையினரும் வேட்டையில் சேர்ந்துகொண்டார்கள். தாவர ஓவியரான பிளைத் லூட்டிட், தோழி இனா பிரிட்ஸுடன் சேர்ந்து 1982இல் தொடங்கிய சிறு நிதிதான் பின்னாளில் சேவ் தி ரைனோ டிரஸ்ட் ஆனது. லூட்டிட் எடுத்த ஒரு முடிவு இன்றைக்கும் வியப்பளிக்கிறது. காண்டாமிருகத்தின் நடமாட்டத்தை நன்றாக அறிந்தவர்கள் அதை வேட்டையாடியவர்களே என்று கண்டு, முன்னாள் வேட்டைக்காரர்களைத் தடம் பார்க்கும் வேலைக்குச் சேர்த்தார். அதே காலத்தில் காட்டுயிர்க் காப்புப் பணியாளர் கார்த் ஓவன்-ஸ்மித் ஊர்த் தலைவர்களிடம் போய், உங்கள் விலங்குகளைக் காக்க உங்கள் ஆட்களை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று கேட்டார். அப்படி நியமிக்கப்பட்ட ஊர்க்காவலர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் உணவுப் பொருளும் சிறு தொகையும்தான். அவர்கள் பதில் சொல்ல வேண்டியது தங்கள் தலைவருக்கு, வெளியூர் அதிகாரிக்கு அல்ல. குற்றம் செய்தவன் தன் ஊராரின் கண்ணில் படும்படி ஆனது. வேட்டை சில ஆண்டுகளுக்குள் வெகுவாகக் குறைந்தது. ஓவன்-ஸ்மித்தும் அவருடன் பணியாற்றிய மானுடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனும் 1993இல் கோல்ட்மன் விருது பெற்றார்கள். விருதைவிடப் பெரிய விளைவு 1996இல் வந்தது. விடுதலை பெற்ற நமீபியா தன் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் மக்கள் காப்பு மன்றங்களாகப் பதிவு செய்துகொண்டு காட்டுயிரின் வருவாயில் உரிமை பெறலாம் என்று வைத்தது. இன்று அத்தகைய மன்றங்கள் எண்பதுக்கும் மேல்.

இந்தப் பின்னணியில் டிரஸ்டின் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும். சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில், வேலியே இல்லாமல் திரியும் விலங்குகளைக் காலடித் தடத்தை வைத்துத் தேடுகிறார்கள். வண்டி போகாத இடத்துக்குக் கால்நடையாகவும், கழுதைமீதும் ஒட்டகத்தின்மீதும் போகிறார்கள். கண்ட விலங்கைக் காதின் வெட்டுக்குறியும் கொம்பின் வடிவும் கொண்டு அடையாளம் கண்டு, புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். பல பத்தாண்டுகளாகத் தொடரும் அந்தப் பதிவேட்டில் எந்தத் தாய் எந்தக் கன்றை எப்போது ஈன்றது என்பதுவரை இருக்கிறது. பூங்கா எல்லைக்கு வெளியே தடையின்றித் திரியும் கறுப்புக் காண்டாமிருகங்களின் மிகப் பெரிய கூட்டம் இதுதான். 2012இல் காப்பு மன்றங்களே தங்கள் ஆட்களைக் காண்டாமிருகக் காவலர்களாக நியமிக்கும் திட்டம் தொடங்கியது. டிரஸ்ட் பயிற்சியும் கருவியும் ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. வேலைக்கு வைப்பது ஊர். 1990களின் தொடக்கத்தில் கீழ்மட்டத்தில் சேர்ந்த சிம்சன் யூரி-கோப் படிப்படியாக உயர்ந்து டிரஸ்டின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். களத்தில் நடந்தவர் நிறுவனத்தை நடத்தும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு தலைமுறை பிடித்திருக்கிறது. இத்தகைய காலத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவுக் கணக்காக எழுத முடியாது. ஆனால் யாரோ அதற்கும் பணம் கொடுத்தாக வேண்டியிருந்தது.

சிறு அறக்கட்டளையின் இடம் இங்கேதான் இருக்கிறது. அரசுகளும் பெரிய நன்கொடை நிறுவனங்களும் பணம் தரும்போது இரண்டு அல்லது மூன்று ஆண்டுத் திட்டமாகவே தருகின்றன. அளக்கக்கூடிய விளைவு, புதுமையான கருவி, முடிவில் ஓர் அறிக்கை என்று எதிர்பார்க்கின்றன. காண்டாமிருகத்தின் வாழ்க்கை வேறு வேகத்தில் போகிறது. கறுப்புக் காண்டாமிருகத்தின் சினைக்காலம் ஏறத்தாழ பதினைந்து மாதம். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே இரண்டரை முதல் நான்கு ஆண்டு ஆகும். மூன்றாண்டுத் திட்டம் தொடங்கி முடிவதற்குள் ஒரு பசு ஒரே ஒரு கன்று ஈனலாம், ஈனாமலும் போகலாம். அந்தக் கன்று வளர்ந்து தானும் தாயாவதற்குள் அத்தகைய திட்டம் இரண்டு முறை முடிந்திருக்கும். காவலர்களுக்கோ ஒவ்வொரு மாதமும் சம்பளம், வண்டிக்கு டீசல், தேய்ந்த டயருக்கு மாற்று, பூட்ஸ், கூடாரம், வயர்லெஸ் கருவிக்கு பேட்டரி வேண்டும். இவற்றைப் படம் பிடித்துச் சுவரொட்டியில் போட முடியாது. புதிய ட்ரோனுக்கு நன்கொடை கிடைக்கும் வேகத்தில் பழைய லேண்ட் க்ரூசரின் கிளட்சுக்குக் கிடைப்பதில்லை. பெரிய பணம் வந்து போகும் இடைவெளிகளில் ரோந்து நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்வதே, லண்டன் அமைப்பைப் போன்றவை தம் கூட்டாளிகளுக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி என்று நினைக்கிறேன். ஒரே கூட்டாளியோடு இருபது முப்பது ஆண்டு பழகியவருக்கு ஒவ்வொரு செலவுக்கும் புதிதாக விளக்கம் தேவைப்படாது. கூட்டாளியும் தன் சிக்கலை மறைக்காமல் சொல்வார்.

இதற்கு உடனே எழும் மறுப்பு, இடைத்தரகர் எதற்கு என்பது. லண்டனில் அலுவலகம், ஊழியர், தணிக்கை, நிதிதிரட்டும் செலவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நன்கொடையாளர் நேராகக் குனேனேக்கே பணம் அனுப்பினால் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் குனேனேயில் தடம் பார்க்கும் அமைப்பால் மராத்தான் நடத்த முடியாது. பிரிட்டன் வரிச் சலுகை வாங்கித் தர முடியாது. ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளின் வாசலில் நின்று பேச முடியாது. அமெரிக்க அரசு 1994 முதல் காண்டாமிருகத்துக்கும் புலிக்கும் என்று ஒரு தனி நிதியை வைத்திருக்கிறது. அதைப் போன்றவற்றுக்கு விண்ணப்பம் எழுதுவதே ஒரு தொழில். அந்த வேலையைக் களத்தில் இருப்பவர் தலையில் கட்டினால் அவர் மேசையில் உட்கார்ந்துவிடுவார், ரோந்துக்கு ஆள் குறையும். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதையே நேர்மையின் அடையாளமாகக் கொள்வதும் எனக்கு ஏற்புடையதல்ல. கணக்குப் பார்க்கவும், கூட்டாளியின் களத்துக்கு நேரில் போய்வரவும், தவறு நடந்தால் கண்டுபிடிக்கவும் பணம் செலவாகும். அந்தச் செலவையே வெட்டிவிட்ட அமைப்பைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

இரண்டாவது மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. இதைக் கடப்பது அவ்வளவு எளிதல்ல. 2025இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, தென்னாப்பிரிக்காவின் கிரேட்டர் குரூகர் பகுதியில் 11 காப்பகங்களை 2017 முதல் 2023 வரை ஆராய்ந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் அங்கே 1,985 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. காவலர், மோப்ப நாய், கேமரா, கைது நடவடிக்கை என்று 7.4 கோடி டாலர் செலவாகி, சுமார் 700 பேர் பிடிபட்டார்கள். அவற்றால் வேட்டை குறைந்தது என்பதற்குத் திடமான சான்று கிடைக்கவில்லை. கொம்பை முன்கூட்டியே அறுத்தெடுத்த இடங்களில் மட்டும் வேட்டை 78 சதவீதம் குறைந்தது. அதற்கான செலவு மொத்தத்தில் 1.2 சதவீதமே. அப்படியானால் சம்பளம், டீசல் என்று நான் மேலே சொன்னதெல்லாம் வீண்தானா? இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெட்டிய கொம்பு மறுபடி வளரும். ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு விலங்கையும் தேடிப்பிடித்து மயக்க வேண்டும். எந்த விலங்கு எங்கே மேய்கிறது என்று அறிந்தவர் இல்லாத நிலத்தில் அதைச் செய்ய முடியாது. கொம்பு களையும் முறையை நமீபியா 1989லேயே கையாண்டது. அதற்கும் தடம் பார்ப்பவர்களே கண்ணாக இருந்தார்கள். வேரில் கொஞ்சம் கொம்பு மிஞ்சுவதால் அதற்காகவும் கொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஆய்வே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் இந்த ஆய்வு ஒன்றைத் தெளிவாக்குகிறது: நன்கொடையாளருக்குப் பிடித்ததும் காண்டாமிருகத்துக்குப் பயன்படுவதும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சீருடையும் துப்பாக்கியும் உள்ள படம் நிதி திரட்டும். கொம்பில்லாத காண்டாமிருகத்தின் படம் திரட்டாது. கூட்டாளிகள் கொம்பு களைய முடிவு செய்யும்போது மறுபேச்சின்றிப் பணம் தருகிறவரே உண்மையான கூட்டாளி. அந்த ஆய்வை எழுதியவர்களில் பல்கலைக்கழகத்தாருடன் காப்பக மேலாளர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கனமானது. வெள்ளையர் நடத்தும் அறக்கட்டளைகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் துப்பாக்கி ஏந்திய காவலுக்குப் பணம் கொடுத்து, ஏழை மக்களை அவர்களின் நிலத்திலேயே குற்றவாளிகள் ஆக்குகின்றன என்பது அது. இதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அசாமின் காசிரங்கா பூங்கா 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்களைக் கண்டது. உலக ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்களில் பெரும்பகுதி அங்கேதான். அந்த வெற்றியின் கூடவே, வேட்டைக்காரர் என்று சந்தேகிக்கப்பட்ட பலர் பூங்காவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டதும், சுட்டவர்மீது வழக்கு எளிதில் தொடர முடியாதபடி மாநில அரசு பாதுகாப்புக் கொடுத்ததும் உலக அளவில் கண்டிக்கப்பட்டன. அந்தக் கண்டனத்தை எண்ணிக்கையைக் காட்டி அடைத்துவிடக் கூடாது. அதே அசாமில் மானஸ் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1980களின் இறுதியில் தொடங்கிய அரசியல் கொந்தளிப்பில் மானஸ் தன் காண்டாமிருகங்களை எல்லாம் இழந்தது. 1992இல் ஆபத்துக்குள்ளான உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் காட்டை நன்கறிந்த போடோ இளைஞர்கள், முன்னாள் வேட்டைக்காரர்கள் உட்பட, மாவோசிகென்ட்ரி என்ற ஊர்ச் சங்கமாகத் திரண்டு காவலுக்கு நின்றார்கள். அசாம் வனத்துறை, போடோலாந்து மன்றம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா, இன்டர்நேஷனல் ரைனோ ஃபவுண்டேஷன் ஆகியவை கூட்டாகப் பணியாற்றி 2008இல் முதல் இரு விலங்குகளைப் பொபிதோராவிலிருந்து கொண்டுவந்து விட்டன. பிறகு வந்தவற்றில் சில வேட்டைக்குப் பலியானதையும் மறைக்க முடியாது. 2011இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து மானஸ் நீங்கியது. நமீபியாவில் ஊர்த் தலைவர்களும் மானஸில் போடோ இளைஞர்களும் நின்ற இடம் ஒன்றே; காவல் அவர்களுடையதாக இருந்தது. வெளிநாட்டுப் பணம் கூட்டாளியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்க முடியாது. காவலர் மனித உரிமை மீறினால் அதை விசாரிக்கவும், வேண்டுமானால் நிதியை நிறுத்தவும் கொடுத்தவருக்கும் கடமை இருக்கிறது. கூட்டாளியை நேரில் அறிந்த சிறு அமைப்பு அந்தக் கடமையை நிறைவேற்றுவது எளிது. நிறைவேற்றாவிட்டால் மன்னிப்பதும் கடினம்.

சிறிய அமைப்புகளால் ஆகாதவையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2007இல் வேட்டைக்குப் பலியானவை 13 காண்டாமிருகங்கள்; 2014இல் 1,215. அந்தப் பாய்ச்சலைக் காவலர் குறைவால் விளக்க முடியாது. வியட்நாமிலும் சீனாவிலும் செல்வம் பெருகியது. கொம்பு அந்தஸ்துப் பொருளானது. ஆயுதமும் அரசியல் தொடர்பும் உள்ள கும்பல்கள் உள்ளே வந்தன. அவற்றை உடைக்க உளவும் வழக்கும் நீதிமன்றமும் எல்லை தாண்டிய ஒத்துழைப்பும் வேண்டும்; அவை அரசின் வேலை. நமீபியாவிலேயே 2021இல் 45ஆக இருந்த பலி 2022இல் 87ஆக ஏறியது. ஆனால் அதில் 46 எட்டோஷா பூங்காவில், அதாவது அரசே நேரடியாகக் காக்கும் நிலத்தில். ஊர் மக்கள் கண்காணிக்கும் வடமேற்கை எட்டோஷாவோடு நேராக ஒப்பிடுவது சரியாகாது. விலங்குகளின் அடர்த்தியும் நிலமும் வேறு. இருந்தாலும் பெரிய வேலியும் அரசுச் சீருடையும் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. நேர்மாறாக, ஜாம்பியாவின் வடக்கு லுவாங்வாவில் அரசின் காட்டுயிர்த் துறையும் ஃபிராங்க்ஃபர்ட் விலங்கியல் சங்கமும் நெடுங்காலமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. 1998இல் அந்த நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட கறுப்புக் காண்டாமிருகம் 2003இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐந்து விலங்குகளாக அங்கே திரும்பி வந்தது. அரசும் பெரிய சங்கமும் சுமந்த அந்தப் பணியில், சுற்றுக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்டுயிர்க் கல்வி போன்ற பகுதிகளை லண்டன் அமைப்பு தாங்கியது. தன் அளவை அறிந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதை நான் பலவீனமாகக் கருதவில்லை.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த உறவுகள் எல்லாம் பிறர் மனமுவந்து தரும் பணத்தின்மீது நிற்கின்றன. 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது நமீபியக் காப்பு மன்றங்களின் வருமானம் ஏறக்குறைய வற்றியது. அவசர நிதி திரட்டித்தான் காவலர் சம்பளத்தைக் காப்பாற்றினார்கள். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததில் ஆப்பிரிக்கக் காப்புப் பணிகள் பல திடீரெனக் கைவிடப்பட்டன. மாற்று வழிகள் பேசப்படுகின்றன. நமீபியா ஒரு முதிய கறுப்புக் காளையை வேட்டையாடும் உரிமத்தை 2014இல் டல்லாஸில் 3,50,000 டாலருக்கு ஏலம் விட்டது. பணம் காப்புக்கே போனாலும், ஊரார் காக்கும் உயிரைத் தொலைதூரச் செல்வந்தர் விலைகொடுத்துச் சுடுவது அந்தக் காவலின் நியாயத்தையே அரிக்கும் என்பது என் தீர்ப்பு. நமீபியர்கள் பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் உலக வங்கி 15 கோடி டாலர் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவின் இரு காப்பகங்களில் கறுப்புக் காண்டாமிருகம் பெருகும் விகிதத்தைப் பொறுத்து முதலீட்டாளருக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். ஐந்தாண்டுக்கு உறுதியான பணம் என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் எண்ணிக்கை ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த இடத்தில்தான் இப்படி ஒரு பத்திரம் எழுத முடியும். அந்தத் துல்லியத்தை உண்டாக்கியது இருபது முப்பது ஆண்டுகளாகக் காதுக்குறியை எண்ணிப் பதிவு செய்தவர்களின் உழைப்பு.

ஆகவே நன்கொடையாளர்கள் சிறு அறக்கட்டளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், உங்கள் கூட்டாளிகளில் எத்தனை பேரோடு பத்தாண்டு கடந்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு இந்த ஆண்டே எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்களா, கூட்டாளி உங்கள் விருப்பத்துக்கு மாறாக முடிவெடுத்தபோது பணத்தைத் தொடர்ந்தீர்களா, காவலர்மீது புகார் வந்தபோது யார் போய் விசாரித்தார்கள் என்று கேட்கலாம். ஆண்டறிக்கைகளில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. வேடமணிந்து ஓடியவர்களின் படங்களுக்கு அருகில், ஒவ்வொரு கூட்டாளியின் பெயரும், உறவு தொடங்கிய ஆண்டும், இன்னும் எத்தனை ஆண்டுக்குப் பணம் உறுதியாகியிருக்கிறது என்பதும் ஒரே ஓர் அட்டவணையாக அச்சானால் போதும். குனேனேயில் ஒரு காவலர் தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அடுத்த ஆண்டும் கணக்குப் போடலாமா என்பதை லண்டனில் பணம் கொடுப்பவரும் அதிலிருந்தே தெரிந்துகொள்வார்.